மூட்டம் இல்லாவிட்டால் பார்த்திருப்பீர்கள்

பிரெஞ்சுக்காரர்கள் பனிமூட்டத்துக்கென்றே தனியாக ஒரு வினைக்காலம் வைத்திருக்கிறார்கள் என்று நான் நாலு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம், நாலாவதாக மூட்டக்காலம். மூச்சு வாங்க மலையேறி வந்து, ஒன்றும் தெரியாமல் நிற்கிற ஆளிடம் சொல்வதற்கு. குளிர் நாட்டுக்காரர்கள் ஆயிற்றே, வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி என்னை நம்பவைத்தவர் பனி மாஸ்டர். பதுளையில் தொடங்கி மொனராகலை வரை தேடினாலும் அவரைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார். கிடைத்தால் மாகாணம் தாங்காது. பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. எல்ல என்கிற மலையூரில் இருபது வருஷம் பிரெஞ்சுப் பயணிகளுக்கு கைட் வேலை பார்த்தவர். அவர் யாரையாவது கூட்டிக்கொண்டு மலை ஏறினால் போதும், மூட்டம் பின்னாலேயே ஏறிவருமாம். அதனால் அந்தப் பெயர். அந்த வேலையை விட்டபின் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு டயர் கடை மாடியில் பிரெஞ்சு வகுப்பு ஆரம்பித்தார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் வாய். நான் வேன் ஓட்டுகிறவன். எல்லவில் ஒரு கெஸ்ட்ஹவுஸ் மெனேஜர் என்னிடம், "அண்ணே, அடுத்த சீசன்ல வாரா வாரம் பிரெஞ்சு குரூப் வருது. பாஷை தெரிஞ்ச டிரைவர் இருந்தா மொத்தமும் அவருக்குத்தான். இல்லாட்டி கண்டியில ஒருத்தர் இருக்காரு" என்றார்.

"எனக்குத் தெரியுமே" என்றது வாய்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டு சொல். அதில் ஒன்று பேக்கரி போர்டில் பார்த்தது. ஆனால் என்ன செய்ய? வேன் ஓட்டமில்லாமல் வாசலிலேயே நின்று நின்று, அதன் அடியில் கோழி அடைகாக்க ஆரம்பித்திருந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் வேனைக் கோழிக்கே எழுதிக்கொடுத்துவிட வேண்டியதுதான்.

முதல் நாள் நான் பணிவாகக் கேட்டேன். "மாஸ்டர், முதல்ல 'என் பேரு இன்னது'ன்னு சொல்லப் பழக்குவீங்களா?"

"உங்க பேரு அவங்களுக்கு எதுக்கு? சட்டையில எழுதி ஒட்டிக்கலாம். மேல கூட்டிட்டுப் போறீங்க, மூட்டம் மூடிருச்சு. என்ன சொல்லுவீங்க?"

"சாரின்னு சொல்லுவேன்."

"மூட்டத்துக்கு நீங்க ஏன் சாரி சொல்லணும்? நீங்களா ஊதி விட்டீங்க? 'மூட்டம் இல்லாட்டி கடல் வரைக்கும் பாத்திருப்பீங்க'ன்னு சொல்லணும். அதைத்தான் இன்னைக்கு எடுக்கப்போறோம்."

அன்றைக்கு எடுத்தோம். மறுநாளும் எடுத்தோம். நாலு மாதமும் அதையேதான் எடுத்தோம்.

சும்மா சொல்லக்கூடாது, பாடம் நடத்துவதில் மன்னன். எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி நடத்துவார். "இந்தக் காலத்துல எப்பவும் ரெண்டு பேர் நிப்பாங்க. முன்னால கங்காணி. பின்னால வேலையாள். கங்காணி ஆளுக்கேத்த மாதிரி தொப்பியை மாத்திக்குவாரு. நான்னா 'ஓரே'. நாமன்னா 'ஓரியோன்'. நீங்கன்னா 'ஓரியே'. பின்னால நிக்கிறவன் பாட்டுக்கு வேலையைப் பாத்துட்டு இருப்பான். பார்க்கிற வேலைன்னா 'வ்யூ'. காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல ரெண்டு பேரையும் சேர்த்து நிறுத்துங்க. 'வூஸோரியே வ்யூ'. பாத்திருப்பீங்க. முடிஞ்சுது."

"எல்லா வேலைக்கும் ஒரே கங்காணியா, மாஸ்டர்?"

"இல்ல. போறது, வர்றது, பொறக்கிறது, சாகிறது, விழுறது, இதுக்கெல்லாம் வேற கங்காணி. அவரு 'ஸெரே'. லயத்துல நம்ம ஆளுங்க பேசுறது பூரா இந்த அஞ்சைப் பத்தித்தானே. மறக்காது."

'ஸி' என்றொரு சொல் உண்டு. நம்முடைய 'ஆல்', 'இருந்தால்' மாதிரி. அது நிற்கிற பக்கத்தில் 'ஓரே' வரவே கூடாது. அங்கே கங்காணி பழைய கோட்டோடு, 'அவே' என்று வரவேண்டும். அடுத்த பக்கத்தில்தான் புதுக்கோட்டு. நான் ஒருநாள் இரண்டு பக்கமும் புதுக்கோட்டு மாட்டிவிட்டேன். மாஸ்டர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, செருப்போட கோயிலுக்குள்ள வந்துட்டீங்க" என்றார் கடைசியில்.

தம்பி என்றாரே, அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். வகுப்புக்குள் நான் தம்பி. படியிறங்கி டயர் கடைக்கு வந்ததும் "அண்ணே, டீ குடிப்பமா" என்பார். எந்தப் படியில் மாறுகிறது என்று நான் பலமுறை கவனித்தும் பிடிபடவில்லை.

டீக்கடை இன்னொரு கூத்து. பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்பதென்றால் 'வேண்டும்' என்று சொல்லாமல் 'விரும்பியிருப்பேன்' என்று சொல்லலாமாம். மாஸ்டர் அதைத் தமிழிலும் விடமாட்டார். "தம்பி, ஒரு பிளேன்டீ விரும்பியிருப்பேன்."

கடைக்காரர் கையில் கோப்பையோடு நிற்பார். "இப்ப வேணுமா, வேணாமா மாஸ்டர்?"

"வேணும்ப்பா. மரியாதையா சொன்னேன்."

"மரியாதையெல்லாம் வேணாம். சீனி போடவா, இல்லையா?"

அதைவிடப் பெரிய கூத்து லுணுகலையில் ஒரு மரண வீட்டில். பிரெஞ்சுப் பத்திரிகைகள் தாங்கள் உறுதிசெய்யாத செய்தியை எழுதும்போதும் இதே காலத்தைத்தான் போடுமாம். இன்னார் இன்னது செய்ததாகப் பேச்சு, ஆனால் எங்களைப் பிடிக்காதீர்கள் என்று அர்த்தம். மாஸ்டர் அந்த வீட்டு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா இறந்திருக்கக்கூடும்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

மகன் கையை விடுவித்துக்கொண்டு பெட்டிப் பக்கம் காட்டினான். "அந்தா படுத்திருக்காரு மாஸ்டர். பாத்துக்கங்க."

மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார். நான் வெளியே போய் வேனுக்குப் பின்னால் நின்று தோள் குலுங்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டில் நான் பாடம் ஒப்பிப்பேன். என் மனைவி அடுப்படியிலிருந்து, "அந்நேரமே கடைக்குப் போயிருந்தா இந்நேரம் சோறாக்கியிருப்பேன்" என்பாள். ஸி பக்கம் பழைய கோட்டு, அடுத்த பக்கம் புதுக்கோட்டு, ஒரு பிசகில்லை. நாலு மாதம் மாடியேறி நான் படிப்பதை அவள் கல்யாணமான நாளிலிருந்து சரளமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் சந்தேகத்தைக் கிளப்பியவர் டயர் கடை முதலாளி நாநாதான். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நானும் நாலு மாசமா மேல கேட்டுட்டுத்தான் இருக்கேன். வேற ஒண்ணும் சொல்லிக்குடுக்கிறாப்ல இல்லையே. அந்த மனுசனுக்கு அது ஒண்ணுதான் தெரியும்போல" என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. குரூப் வர ஒரு வாரம்தான் இருந்தது. என்னிடம் இருந்தது பதினோரு வாக்கியம். பதினொன்றும் மூட்டத்தை நம்பியே நின்றன. ஊரெல்லாம் மழை வேண்டி முருகனைக் கும்பிடும். நான் மூட்டம் வேண்டிக் கும்பிட்டேன்.

சனிக்கிழமை விடிந்தது. வானம் கழுவித் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. எல்லவில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. முந்தின நாள் முழுக்க மூட்டம், பக்கத்தில் நின்ற பஸ் தெரியவில்லை. இன்றைக்கு எதிர்மலையில் கொழுந்து பறிக்கிறவர்களின் சேலை நிறம்கூடத் தெரிகிறது.

குரூப்பில் ஆறு பேர், எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். கூடவே மெனேஜர், கையைக் கட்டிக்கொண்டு. மலையேறும்போது பாதி வழியில் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்தி போன் போட்டேன்.

"மாஸ்டர், மூட்டம் இல்ல."

"இல்லையா?"

"எல்லாம் தெரியுது மாஸ்டர். கடல்கூடத் தெரியும்போல."

 "கொஞ்சம் பொறுங்க, வர்..." என்றார். லைன் அறுந்துவிட்டது. மூட்டம் வரும் என்கிறாராக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

உச்சிக்கு வந்தோம். கீழே பள்ளத்தாக்கு ஒளிவுமறைவில்லாமல் கிடந்தது. ஒரு அம்மா என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. மெனேஜர் என்னைப் பார்த்தார். மனதுக்குள் கண்டிக்காரர் வேனைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். என் வாய், அதே வாய், தானாகத் திறந்தது.

"ஸி வூஸெத்தியே வெனு இயேர்..."

நேற்று வந்திருந்தால். ஆறு பேரும் திரும்பினார்கள். எதையோ தவறவிட்டுவிட்டோமே என்கிற முகம் ஆறு பேருக்கும். மனப்பாடம் செய்த மிச்சம் 'கடலைப் பார்த்திருப்பீர்கள்'. கடலோ அவர்கள் முதுகுக்குப் பின்னால் மினுங்கிக்கொண்டிருக்கிறது.  நான் கையை ஒருமுறை பள்ளத்தாக்கின் மேல் வீசினேன்.

"...வூ நோரியே ரியேன் வ்யூ."

ஒன்றுமே பார்த்திருக்கமாட்டீர்கள்.

 அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. ஆறு பேரும் லொத்தர் சீட்டில் பரிசு விழுந்தவர்கள் மாதிரி ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தார்கள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அருவியைக் காட்டி, போன மாதம் வந்திருந்தால் தண்ணீர் இருந்திருக்காது என்றேன். ரயில் பாதையைக் காட்டி, பத்து நிமிஷம் முந்தி வந்திருந்தால் ரயிலைப் பார்த்திருப்பீர்கள் என்றேன். மெனேஜர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "அண்ணே, அடுத்த சனியும் நீங்கதான்" என்றார்.

மேலே இரண்டு மணிநேரம் இருந்துவிட்டு இறங்கி வரும்போது, தேயிலைக்கு நடுவே குடையை ஊன்றிக்கொண்டு ஒருவர் ஏறி வருகிறார். பனி மாஸ்டர். சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. கையில் கொப்பித்தாள், அதில் மூட்டமில்லாத நாளுக்கான வாக்கியங்கள். அவசரத்தில் எழுதியவை, பாதி பஸ் குலுக்கலில் கோணியிருந்தன. நான் நடந்ததைச் சொன்னேன். தாளை மடித்து என் பையில் வைத்தார். அப்புறம் அந்த ஆறு பேர் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார். நேற்று, இன்று, நாளை, எல்லாக் காலத்திலும், கால் மணிநேரம். அவர்கள் என்னைச் சுத்தமாக மறந்துபோனார்கள்.

"எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எனக்கு ஏன் மாஸ்டர் அந்த ஒண்ணை மட்டும் குடுத்தீங்க?" என்றேன் பிறகு.

"நாலு மாசம்தானே இருந்துச்சு அண்ணே. எல்லாத்தையும் குடுத்திருந்தா ஒண்ணும் நின்னிருக்காது."

சனிக்கிழமைகளில் அவருக்கு மூன்று வகுப்பு. அன்றைக்கு மூன்றையும் நிறுத்திவிட்டு, பதுளையிலிருந்து எல்ல வரைக்கும் பஸ்ஸில் இடமில்லாமல் நின்றுகொண்டே வந்தார்.