வெள்ளிக்கிழமைப் பக்தி

வேலைச் சாமான் ஏற்றுகிற வான் வண்டியின் பக்கக் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்தபடி திருநீற்றுப் பையைத் தட்டினார் புவனேந்திரன். ஒரு துகள்கூட விழவில்லை. பையைப் புரட்டி உதறியும் பார்த்தார். கோயிலுக்குப் போய்வந்த மனுசன் வெறும் நெற்றியோடு வீட்டு வாசலில் நின்றால், யோகமலர் அங்கேயே விசாரித்து அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிடுவாள்.

அவர் கோயிலுக்குப் போகவில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

டைல்ஸ் பதிப்பது அவர் தொழில். வானுக்குள் தேடினால் தொழிற்சாமான்தான் கிடைக்கும். டைல்ஸ் இடுக்குகளை அடைக்கிற வெள்ளை கிரவுட் பவுடர் ஒரு வாளியில் இருந்தது. விரலால் தொட்டு மூன்று குறி இழுத்தார். திருநீறு தோற்றது போங்கள், அப்படி ஒரு வெள்ளை. அந்த நேரம் பார்த்து வெஸ்ட் ஈலிங்கில் மழை தூறியது. அந்தப் பவுடரில் தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்று இலண்டனில் வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பெண்சாதிக்குப் பயந்தவனுக்குத் தொழில் எங்கே ஞாபகம் வரும்?

வெம்பிளியில் வீட்டுக் கதவைத் திறந்த யோகமலர் முதலில் நெற்றியைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். அவர் ஈயத்தாளில் சுற்றிய நாலு உளுந்து வடைகளை நீட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் வருகிற பிரசாதம். அவள் கை கழுவி வந்து, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒத்திக்கொண்டாள்.

"நல்ல தரிசனமோ?"

"ஓம், நல்ல தரிசனம்" என்றார்.

மறுநாள் காலையில் அந்தக் குறி போகவில்லை. சோப் போட்டார். தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து தேய்த்தார். சட்டி உரஞ்சுகிற பஞ்சாலும் ஒரு கை பார்த்தார். தோல் சிவந்ததே தவிர மூன்று கோடும் அசையவில்லை. அதைக் கரைக்கிற திராவகமும் வானுக்குள் இருந்ததுதான். போத்தலில் மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. குளியலறையை விட்டு அவர் வெளியே வந்தபோது யோகமலர் தன் தம்பி கிருஷ்ணராசாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அத்தானின் நெற்றியில் திருநீறு அழியவே இல்லையாம், அம்மன் ஆளைப் பிடித்துவிட்டாவாம்.

அன்றைக்கே கிருஷ்ணராசா குடும்பத்தோடு வந்து பார்த்தார். பக்கத்துத் தெருவில் இருந்து இரண்டு மாமிமார் வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் முழங்கால் நோவுக்கு அவர் கையால் திருநீறு பூசச் சொல்லிக் காலை நீட்டினார். பூசினார். வேறென்ன செய்வது?

இவ்வளவுக்கும் காரணம் ஹார்லன் பிக்கெட் என்கிற எண்பத்தாறு வயது அமெரிக்கர்.

கிற்றாரை மடியில் மல்லாத்தி வைத்து, இடக்கையில் ஓர் இரும்புக் கட்டையைப் பிடித்து, தந்திகளின்மேல் வழுக்கி வழுக்கி வாசிப்பார்கள். ஸ்டீல் கிற்றார் என்று பெயர். பிறகு வந்தவர்கள் அதற்குக் கீழே மிதிகட்டைகள் பூட்டி, காலால் மிதித்துத் தந்தியை இழுக்கத் தொடங்கினார்கள். வேலை சுலபம். கன்ட்றி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்காரர் எல்லாரும் அந்தப் பக்கம் போக, ஹார்லன் மட்டும் போகவில்லை. கால் வேலை செய்தால் கை சோம்பேறியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, கட்டையைச் சரிக்கிற சரிப்பிலும் நடுக்குகிற நடுக்கத்திலும் எல்லாவற்றையும் வரவழைத்தார்.

புவனேந்திரன் அவரை முதலில் கேட்டது ஜெர்மனியில். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்கப் படைமுகாமுக்குப் பக்கத்து பார் ஒன்றில் கோப்பை கழுவினார். அங்கே விடாமல் போட்ட பாட்டுக் கசெற் ஹார்லனுடையது. பாட்டில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அந்த இரும்பு அழுதது அவருக்கு முழுக்க விளங்கியது. தன்னைப் பற்றித்தான் அழுகிறது என்றே நினைத்தார். அந்தக் கசெற் இல்லாவிட்டால் அந்தக் குளிரில் தனக்கு விசர் பிடித்திருக்கும் என்று இப்போதும் சொல்வார், கேட்க ஆள் இருந்தால்.

வீட்டில் ஆள் இல்லை. இலண்டனுக்கு வந்து ஒருவாறு காலூன்றிய பிறகு அவரும் ஒரு ஸ்டீல் கிற்றார் வாங்கி, முன்னறையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். யோகமலர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள செத்தவீட்டை வைச்சுக்கொண்டு நான் சமைக்க ஏலாது. ஒண்டில் அது இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கிறன்."

அவர் சாமியறையில் சூடம் கொளுத்தி, கிற்றாரை விற்றுவிட்டதாகச் சத்தியம் செய்தார். அது வானுக்குள் டைல்ஸ் வெட்டுகிற மெசினுக்குக் கீழே போர்வை போர்த்திப் படுத்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வெஸ்ட் ஈலிங் தேவாலய மண்டபத்தில் ஒரு கன்ட்றி பாட்டுக் கிளப் கூடும். நடத்துகிறவர் கத்தரின் அக்கா; வெம்பிளியில் பாதிப் பெண்களுக்குச் சேலைச் சட்டை தைக்கிறவர். கணவர் அருள்நேசன் கிற்றார் வாசிப்பார். புவனேந்திரன் அங்கே போய் ஆசை தீர வாசிப்பார். அம்மன் கோயிலும் பக்கத்திலேயே இருந்ததால், அவருடைய வானை யார் கண்டாலும் பக்தி என்றுதான் நினைப்பார்கள். இடைவேளைத் தேத்தண்ணிக்குக் கத்தரின் அக்கா ஒரு பெட்டி வடை எடுத்து வைப்பார். அதில் நாலுதான் ஈயத்தாளுக்குள் பிரசாதமாக மாறி வெம்பிளிக்கு வந்தது.

ஒருமுறை அந்த வடையில் உப்புக் காணாது என்று வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். யோகமலரின் முகம் கறுத்துப்போயிற்று. அம்மனின் வடையைக் குறை சொன்ன வாய் அழுகிப்போகும் என்றாள். அம்மனுக்குக் காது நல்ல கூர்மைபோல, அடுத்த வெள்ளி உப்பு அளவாக இருந்தது.

நெற்றிக் குறி கதை பரவியதும் அவர் நிலைமை மோசமானது. அம்மன் பிடித்த ஆள் மச்சம் மாமிசம் தின்னலாமா என்று யோகமலர் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணராசா குடும்பத்துக்கு நண்டுக் குழம்பு. அவருக்குப் பூசணிக்காய். நண்டுக்காலை அவருக்கு முன்னால் வைத்தே உடைத்து உறிஞ்சினார்கள், படுபாவிகள்.

அந்தப் பூசணிக்காய்க் காலத்தில்தான் கிளப்பில் கத்தரின் அக்கா எழுந்து நின்று அந்தச் செய்தியைச் சொன்னார். ஹார்லன் பிக்கெட் கடைசிச் சுற்றுப்பயணம் வருகிறார். அருள்நேசன் யார் யாரையோ பிடித்து மன்றாடி, அவரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை இந்த மண்டபத்துக்கு வரச் சம்மதிக்க வைத்துவிட்டார். புவனேந்திரன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, எந்த வெள்ளிக்கிழமை என்று இரண்டுதரம் கேட்டு உறுதிப்படுத்தினார். அந்த மனுசனை ஒருதரம் நேரில் பார்த்துக் கும்பிட்டுவிட்டால் போதும், பிறகு வாழ்நாளெல்லாம் பூசணிக்காய் தின்னவும் தயார்.

ஹார்லன் வருகிற அந்த வாரம் பார்த்து யோகமலர் சொன்னாள், "வாற வெள்ளிக்கிழமை நானும் கோயிலுக்கு வாறன்."

அன்றைக்குத் தனக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது, தனியாகத்தான் போகவேண்டும் என்றார். என்ன நேர்த்தி என்று அவள் கேட்டாள். யோசித்து வைத்திருந்தால் நல்லதாக ஒன்று சொல்லியிருப்பார். யோசிக்கவில்லை.

"அங்கப்பிரதட்சணம்."

ஈர வேட்டியோடு கோயிலைச் சுற்றி உருளப்போகிறாராம், முழங்காலை மடக்கினால் நிமிர இரண்டு பேர் தேவைப்படுகிற மனுசன். யோகமலரின் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் குடும்பம் முழுவதும் வந்து பார்க்கத்தான் வேண்டும் என்றாள். கிருஷ்ணராசா வீடியோ எடுக்க வேலைக்கு லீவு போட்டார்.

மாலையில் எல்லாரும் வந்து நின்றால் ஹார்லன் போச்சு. எனவே உருளுவது மாலையில் இல்லை, காலையில் என்று மாற்றிச் சொன்னார். மாலை தப்பியது. ஆனால் காலையில் மெய்யாகவே உருள வேண்டியதாகிவிட்டது.

உருண்டார். கோயில் தரை ஐஸ்கட்டி. அது வேறு யாரோ பதித்த டைல்ஸ். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் நின்று முதுகைப் பதம் பார்த்தது. பதித்தவனை மனதுக்குள் திட்டியபடி ஒரு சுற்று முடித்து மூச்சு வாங்கினார்.

"மூண்டு சுத்தெண்டெல்லோ நேர்ந்தனீங்கள்?" என்றாள் யோகமலர்.

அவர் அப்படி நேரவே இல்லை. ஆனால் பொய் நேர்த்திக்கு எத்தனை சுற்று என்று யாரோடு வழக்காடுவது? மறுபடி உருண்டார். மல்லாந்து வரும்போதெல்லாம் கிருஷ்ணராசாவின் போன் தெரிந்தது. அதற்குப் பின்னால் யோகமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். பக்தியில் அழுகிறாள். இப்படி நம்புகிறவளை இவ்வளவு காலம் ஏய்த்தேனே, நானும் ஒரு மனுசனா என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது சுற்றை முடித்தார்.

மாலையில், எண்ணெய் பூசிய முதுகோடு, சொல்லிவிடத்தான் நினைத்தார்.

"யோகம், நான் உமக்கு ஒண்டு சொல்லோணும்."

"வந்து சொல்லுங்கோ. பூசைக்கு நேரம் போகுது." தான் வரவில்லை, களைப்பாக இருக்கிறது என்றாள். பிறகு ஒரு பையைக் கையில் திணித்தாள். உள்ளே சரிகை போட்ட பொன்னாடை. "ஐயருக்குப் போர்த்துங்கோ. வயசுபோன மனுசன், பாவம்."

ஐயர் காலையில் அவரைத் தாண்டித் தாண்டி ஓடித் திரிந்த இளந்தாரி. அதை யோசிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. வானை எடுத்துக்கொண்டு பறந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. அருள்நேசன் கைத்தாங்கலாக ஹார்லனைக் கூட்டிவந்தார். மெலிந்த உடம்பு, பெரிய தொப்பி. தண்ணீர்க் கிளாசைப் பிடிக்கிறபோது கை நடுங்கி மேசையெல்லாம் சிந்தியது. இந்தக் கையாலா என்று சனம் பயந்துபோய் இருந்தது. அந்தக் கை இரும்புக் கட்டையை எடுத்துத் தந்தியில் வைத்தது. நடுக்கமெல்லாம் கட்டைக்குள் இறங்கி, அங்கிருந்து பாட்டாக வந்தது.

புவனேந்திரன் அழுதார். மறைக்கவும் இல்லை. ஜெர்மனிச் சமையலறையில் அழாமல் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது.

வாசித்து முடிந்ததும் முன்னே போய்ப் பொன்னாடையைப் போர்த்தினார். இந்த நாளுக்காக எத்தனையோ ஆங்கில வசனங்களைப் பாடமாக்கி வைத்திருந்தார். வந்தது "தாங்க் யூ, சேர்" மட்டும்தான். கிழவர் சரிகையைத் தடவிப் பார்த்தார், அவரையும் பார்த்தார். அந்த இரும்புக் கட்டையை எடுத்துப் புவனேந்திரனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். அது இன்னும் சூடாக இருந்தது. உனக்குத்தான், வைத்துக்கொள் என்று தலையை ஆட்டினார்.

அந்தச் சூட்டிலேயே புவனேந்திரன் முடிவெடுத்தார். இன்றைக்கு யோகமலரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. கிற்றாரை விற்கவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, நெற்றியில் இருந்தது கிரவுட், எல்லாவற்றையும். அவள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வது. ஆனாலும் பழக்க தோஷம். வெறுங்கையோடு எப்படிப் போவது? தேத்தண்ணி மேசையில் ஈயத்தாளை விரித்து, பெட்டியில் இருந்து வடையை எடுத்து அடுக்கினார்.

கத்தரின் அக்கா வந்து ஈயத்தாளை மெதுவாக மடித்து அப்பால் வைத்தார்.

"தம்பி, இண்டைக்கு வடை கட்டாதேங்கோ. தானே சுட்டு இஞ்ச அனுப்பிப்போட்டு, தானே கண்ணில ஒத்தி வாங்கி, இனியும் சிரிப்பை அடக்க ஏலாதாம் யோகமலருக்கு."