ஒழுகும் வீட்டுக்குக் கடன் கிடையாது

"வீட்டுல ஈரம்னு எழுதியிருக்காரே," என்றார் வங்கி மேடம், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதிரே நாற்காலி நுனியில் பிளம்பர் உட்கார்ந்திருந்தார். "யாரு மேடம்?"

"எங்க வேல்யுவர். வீட்டைப் பாத்து மதிப்புப் போடறவரு. நீங்க வாங்கப்போற வீட்டுல பாத்ரூம் சுவரெல்லாம் ஊறிக் கெடக்காம். அதனால மதிப்பைக் குறைச்சுட்டாரு. ஓனர் கேக்கற விலைக்கு லோன் வராது."

"இவ்வளவுதானா? சுவருக்குள்ள குழாய் ஒழுகுது மேடம். நானே பிளம்பர்தான். ஒரு நாள் வேலை!"

"அப்போ சரி பண்ணிட்டு வாங்க. மறுபடி ஆள் அனுப்பறேன்."

படியிறங்கும்போது பிளம்பருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஊரார் வீட்டு ஒழுகலையெல்லாம் அடைத்த கை, முதல்முறையாகச் சொந்த வீட்டுக்கு உதவப்போகிறது.

அந்த வீட்டை அவர் ஆசைக்காக வாங்கப் போகவில்லை. குடியிருக்கும் வீட்டை அடுத்த மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. வேறு வாடகை வீடு தேடி அவரும் மனைவியும் ஆளுக்கொரு பக்கமாக ஏறாத படி இல்லை. எல்லா இடத்திலும் கடைசியில் ஒரே கேள்வி. "வீட்டுல யார் யாரு இருப்பீங்க?" பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிடும். ஒரு அம்மா மட்டும் மறைக்காமல் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல ஏதாவது ஆயிட்டா அப்புறம் ஒருத்தரும் குடிவர மாட்டாங்க."

வீட்டுக்கு வந்து பிளம்பர் அதை மனைவியிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருந்தாலும் காது நன்றாகவே வேலை செய்தது.

"டேய், நான் வேணா சீக்கிரம் கெளம்பிடட்டுமா? உங்களுக்கு வாடகை வீடாவது கெடைக்கும்."

"வாயத் தொறங்க மாமா, மாத்திரை போடணும்," என்றாள் மருமகள்.

வாங்கப்போகும் வீடு பழையது. இரண்டே அறை. ஆனால் வாசலில் படி கிடையாது, சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். வயதான கணவன் மனைவி இருவர் அதில் இருந்தார்கள்.

"ஐயா, அந்தப் பாத்ரூம் குழாயை நானே மாத்திடட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் பிளம்பர்.

"இதென்ன கேள்வி தம்பி? நாளைக்கு உங்க வீடு. எங்கிட்ட எதுக்குப் பர்மிஷன்?" என்றார் வீட்டுக்காரர்.

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். "உங்களை மாதிரி கையில தொழில் உள்ளவங்களுக்குக் குடுக்கறதுதாம்ப்பா மனசுக்கு நிம்மதி."

அட்வான்ஸ் கொடுக்கவா என்று பிளம்பர் கேட்டபோதும் பெரியவர் கையை உதறிவிட்டார். "லோன் வரட்டும் தம்பி. உங்க வார்த்தை போதாதா?" இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்களா என்று பிளம்பர் அன்றே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சுவரை உடைத்துப் பார்த்தால், குழாய் முழுக்கத் துரு. தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. ஒரு நாள் வேலை ஒரு வாரமானது. பிளம்பராக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத லீவு போட்டார். பெரியவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கூடவே இருந்தார்.

"தம்பி, அப்படியே சமையக்கட்டுப் பக்கமும் பாத்துடுங்களேன். பேங்க்காரன் நாளைக்கு அதையும் கேட்டுட்டா?"

ஞாயந்தானே என்று பிளம்பர் அதையும் மாற்றினார். சுவரைப் பூசி, கண்ணாடி மாதிரி தேய்த்துவிட்டார்.

வேல்யுவர் வந்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். மூக்கை வைத்து முகர்ந்தார்.

"பூச்சு புதுசா இருக்கே. எதை மறைச்சிருக்கீங்க?"

"எதையும் மறைக்கல சார். நீங்கதானே ஈரம்னு சொன்னீங்க?"

"ஈரம் இருந்தப்போ ஈரம்னு தெரிஞ்சுது. இப்போ ஒண்ணுமே தெரியலையே. அதான் சந்தேகமா இருக்கு. கொஞ்சம் உடைச்சுக் காட்டுங்க."

தன் கையால் பூசிய சுவரைத் தன் கையாலேயே உடைத்தார். உள்ளே ஒரு கோடு ஓடியிருந்தது.

"பாத்தீங்களா? விரிசல்!"

"அது இப்போ நான் அடிச்ச அடியில வந்தது சார்!"

"எப்போ வந்ததுன்னு எழுத எனக்கு இடமில்ல. இருக்கா இல்லையான்னுதான் எழுதணும்."

விரிசல் என்று எழுதியதும் மதிப்பு முன்பைவிடக் கீழே போனது. இனி பாத்ரூமை மொத்தமாக எடுத்துக் கட்ட வேண்டும். மேலே தொட்டி கசிகிறது, அதையும் மாற்ற வேண்டும். மனைவி தன் தையல் மெஷினை விற்றாள். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையில் ஒரு கைதான் முடிந்திருந்தது. மறு கையைக் கையாலேயே தைத்துக் கொடுத்தாள்.

பிளம்பர் கொத்தனாரைக் கூட்டிவந்து, தானே சித்தாளாக நின்று மண் சுமந்தார். தரை வழுக்காத கல்லாகப் பார்த்துப் போட்டார். அப்பா பிடித்து எழுந்திருக்க, சுவரில் அவர் உயரத்துக்கு அளந்து ஒரு கைப்பிடி வைத்தார். அந்த ஒரு கைப்பிடிக்கு மட்டும் பேங்க் கேட்காமலே செலவு செய்தார்.

மூன்றாம் முறை வந்த வேல்யுவர் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டு போனார். அதுவே பெரிய பாராட்டு. பிளம்பர் வங்கிக்கு ஓடினார்.

"வீடு ஓகே," என்றார் மேடம். "உங்க சம்பளந்தான் இடிக்குது. போன மாசம் பாதியா இருக்கே?"

"வீட்டைச் சரி பண்ண லீவு போட்டேன் மேடம்."

"லீவு போடச் சொல்லி யாரு சொன்னா?"

"நீங்கதானே சரி பண்ணச் சொன்னீங்க!"

"சரி பண்ணச் சொன்னேன். லீவு போடச் சொல்லலையே?"

முழுச் சம்பளம் வாங்கிக் காட்டினால்தான் லோன். பிளம்பர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார். அதற்குள் காலி பண்ண வேண்டிய தேதி தாண்டிவிட்டது. குடியிருந்த வீட்டுக்காரர் ஒன்றும் சண்டை போடவில்லை. தண்ணீர் வால்வை மூடிப் பூட்டுப் போட்டார், அவ்வளவுதான். பிளம்பர் வீட்டுக் குழாயில் காற்று வந்தது. அப்பாவின் துணி அலச மனைவி தெருமுனையிலிருந்து குடம் குடமாகத் தூக்கினாள்.

"ஊருக்கே தண்ணி விடறவன்டா எம் பையன்," என்றார் அப்பா, கோணல் வாயோடு சிரித்து. பிளம்பர் வெளியே போய் நின்றுகொண்டார்.

கடைசியில் லோன் வந்துவிட்டது. மேடமே போன் பண்ணிச் சொன்னார். அன்றே ஆஸ்பத்திரியில் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, அப்பாவை உட்காரவைத்து, மனைவியோடு தள்ளிக்கொண்டு போனார். தான் தூங்கப்போகும் இடத்தை மனிதர் ஒரு தடவை பார்க்கட்டுமே.

"ஐயா, லோன் வந்துடுச்சு!"

பெரியவர் எழுந்திருக்கவில்லை. "உக்காருங்க தம்பி. ஒரு விஷயம். நாங்க வீட்டை விக்கறதா இல்ல."

"என்னங்கய்யா சொல்றீங்க?"

"ஒழுகுதேன்னுதான் விக்க நெனச்சோம். இப்போ ஒழுகலையே? இவளுக்கு முட்டி வலி வேற. நீங்க வெச்ச கைப்பிடி ரொம்ப சௌகரியமா இருக்காம்."

"ஐயா, நான் குடும்பத்தோட தெருவுல நிக்கணும். எவ்வளவு செலவு பண்ணியிருக்கேன்னு உங்களுக்கே தெரியும்."

"உங்ககிட்ட ஒரு காசு கை நீட்டி வாங்கினோமா தம்பி? நல்லா யோசிச்சுப் பாருங்க," என்றார் பெரியவர், அதே கனிவான குரலில். அவர் மனைவி உள்ளே குழாயைத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர் பளிச்சென்று வந்துகொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

பிளம்பரின் மனைவி மாமனாரின் நாற்காலியைத் திருப்பினாள். தெருவுக்கு வந்ததும் சக்கரம் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. எதிர்வீட்டில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஓடிவந்து ஒரு கை கொடுத்தார். மூன்று பேர் முகத்தையும் பார்த்தார்.

"வீடு வாங்க வந்தவங்களா? என்ன வேலை பாக்கறீங்க சார்?"

"பிளம்பர்," என்றார் பிளம்பர்.

"அடப்பாவமே! போன தடவை வாங்க வந்தவரு எலக்ட்ரீஷியன் சார்; நாளைக்கு ஒரு பெயின்டர் வீடு பாக்க வர்றாராம்."