சக்திக்குக் கண்ணாடி வேண்டுமா?

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்கள்: முதலாண்டு சேர வந்த மாணவர்கள் நாற்பது பேர், அவர்களை இழுத்து வந்த பெற்றோர் எண்பது பேர், பித்தளைக் குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, எந்தப் பாடம் படிக்கலாம் என்று குறி சொல்லும் ஊசல் வித்தகர் ஒருவர். மூளையும் வந்திருந்ததா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எதிரே பல்கலைக்கழகம். எந்தப் பாடம் எடுக்கலாம் என்று இலவசமாகச் சொல்ல அங்கே ஓர் அறையே உண்டு. அதில் ஈ, காக்கை இல்லை. இங்கே படிக்கட்டுவரை வரிசை.

வித்தகரின் மேசையில் பாடப் பெயர் எழுதிய அட்டைகள். குண்டு அவற்றின் மேல் ஊரும். விதித்த பாடம் வந்ததும் கிறுகிறுவென்று சுற்றும்.

"நான் மனசுல நெனச்சத அப்படியே சொல்லிட்டாரு!" என்று கண்கலங்க இறங்கினார் ஒரு தாய். பின்னால் அவர் மகன், தண்டனை வாங்கியவன் முகத்தோடு.

வரிசையில் நின்ற பெண்ணுக்கு மண்ணியல் வேண்டும். சின்ன வயதிலிருந்து கல்லும் மண்ணும் அள்ளிச் சேர்க்கிறவள். லாரி ஓட்டும் அப்பாவுக்கோ அவள் கணக்கியல் படிக்க வேண்டும்.

"குண்டு எதச் சொல்லுதோ அதுல கையெழுத்துப் போடறேன். அவ்வளவுதான்," என்றார் அப்பா.

சேர்க்கை அலுவலகம் நான்கு மணிக்கு மூடும். மணி மூன்றரை.

வாசலில் ஒரு சீட்டு தந்தார்கள். பெயர், பிறந்த நாள், கடைசியில் 'பெற்றோர் விரும்பும் பாடம்'. அப்பா படிக்கிற கண்ணாடியை லாரியில் மறந்திருந்தார். "நீயே எழுதும்மா."

எழுதினாள்.

வித்தகர் சீட்டை ஒரு பார்வை பார்த்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். குண்டு கணக்கியலைக் கண்டும் காணாமல் கடந்தது. மண்ணியல் மேல் போய்ச் சுற்றோ சுற்றென்று சுற்றியது. "மண்ணியல்!" என்று அறிவித்தார் வித்தகர்.

அப்பா வாயைப் பிளந்தார். "சரி, விதியே அதுன்னா..." பேனாவை எடுத்துவிட்டார்.

சும்மா இருந்தால் காரியம் முடிந்தது. அவளால் முடியவில்லை. ஒரு குண்டுக்கு வாழ்நாளெல்லாம் நன்றி சொல்லித் தொலைக்க வேண்டுமே!

"அப்பா, சீட்டுல மண்ணியல்னு எழுதுனது நான். அதப் பாத்துத்தான் சொல்றாரு."

"அபச்சாரம்!" என்றார் வித்தகர்.

"அப்ப அட்டையெல்லாம் கவுத்து வைக்கிறேன். மண்ணியல் எதுன்னு குண்டு காட்டட்டும்." மேசை ஓரம் கிடந்த இன்னோர் அட்டையையும் சேர்த்துக் கலைத்துப் பரப்பினாள்.

"எழுத்து மறைஞ்சா குண்டுல இருக்கற சக்திக்குத் தெரியாதும்மா," என்றார் வித்தகர்.

அப்பா நிமிர்ந்தார். "கண்ணாடி இல்லாம எனக்குத்தான் தெரியாது. சக்திக்குமா தெரியாது?"

அறை சிரித்தது. "சுத்துங்க சார், பாப்போம்!" என்றது பின்வரிசை. வித்தகர் வியர்க்க வியர்க்கச் சுற்றினார். குண்டு நின்ற அட்டையை அவள் திருப்பினாள். வித்தகர் தன் கதவில் மாட்டுகிற அட்டை: 'சாப்பாட்டு இடைவேளை'.

"என் பையன் இதுல முனைவர் பட்டமே வாங்கிடுவான்யா!" என்று ஒரு தகப்பனார் கத்தினார். வரிசை கலைந்தது. குண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வித்தகர் முதல் ஆளாகப் படியிறங்கினார்.

"இத்தன நாளும் உன்னக் கேக்காம குண்டக் கேக்க வந்தேன் பாரு," என்றார் அப்பா. "எதுக்கு மண்ணியல்? சொல்லு."

சாலையைக் கடக்கும்வரை சொன்னாள். பாதி புரிந்தது. பல்கலைக்கழக மதில்மேல் சேர்க்கைப் படிவத்தை வைத்து, அவள் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

புதிதாகச் சேர்பவர்களே, முதல் பாடம் வகுப்பில் இல்லை. உங்களுக்குப் பிடித்ததையே ஒருவன் சொன்னால், அதை அவனிடம் சொன்னது யார் என்று முதலில் யோசியுங்கள்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு. "கடைசி ஆளா? வாம்மா, வா," என்றார் எழுத்தர். அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்திப் பூட்டினார்.