கம்ப்ரெசரைக் குளிப்பாட்டிய கதை

பழைய ஏர் கம்ப்ரெசர் ஒன்றைக் குளிப்பாட்டப் போய், குடியிருந்த வீட்டையே இழக்கப் பார்த்தவன் நான். (கல்லூரியில் பாடம் நடத்துபவன் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், மாணவர்கள் யாராவது படித்துத் தொலைப்பார்கள்.)

ஆம்பூரில் மூடிக்கிடந்த ஷூ கம்பெனி ஒன்றின் சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது அந்தக் கம்ப்ரெசரை வாங்கினேன். என் புத்தக அலமாரிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பதாகத் திட்டம். "டேங்க் உள்ள துரு இருக்கும் சார், கழுவிட்டு யூஸ் பண்ணுங்க" என்றார் விற்றவர். நான் அதோடு நிற்காமல் வீடியோ பார்த்தேன்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் மோட்டாரைக் கழற்றிவிட்டு, தொட்டிக்குள் சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் நட்டு போல்ட்டும் போட்டு, புல்வெளியில் செல்லமாக உருட்டினார். நான் வாசல் சிமெண்ட் தரையில் உருட்டினேன். ரயில் தடம்புரண்ட சத்தம். சோப்புத்தூள் முழு பாக்கெட். (அழுக்கு ஜாஸ்தி இல்லையா?) அடித் திருகைக் கழற்றியதும் காப்பி நிற நுரை பொங்கி, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தது.

எங்கள் பக்கத்தில் தெருவில் பழுப்பு நுரை ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தோல் பதனிடும் கழிவு. மாடியில் இருக்கும் வீட்டுக்கார எஸ்தர் அம்மாவின் கிணறு அப்படித்தான் கெட்டது. வாடகைக்கு விடும்போது அவர் போட்ட ஒரே நிபந்தனை: "தோல் வேலை மட்டும் கூடாது. பண்ணா அன்னிக்கே காலி."

எதிர்வீட்டு செல்வி அக்கா குரல் கொடுத்தார். "எஸ்தரம்மா! இன்னா இது, உங்க வூட்லயே தோல ஊறப் போட்டாங்களா?"

கூட்டம் கூடிவிட்டது.

"ஐயோ, இது காத்து டேங்க்குங்க!" என்றேன்.

"காத்துல இம்மாம் அழுக்கு எப்டி சார் வரும்?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

காற்றிலுள்ள ஈரம் நீராகி இரும்பைத் துருவாக்கும் விதத்தை விளக்கினேன். நுரைதான் நீண்டது. என் மனைவி கல்பனா பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "பாத்திரத்தக் கட்ட ஆரம்பிக்கட்டா?"

எஸ்தர் அம்மா இறங்கி வந்தார். கழற்றிய திருகு சாக்கடைக்குள் போய்விட்டதால் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு, தலைமுதல் கால்வரை துருவில் தோய்ந்து உட்கார்ந்திருந்த என்னை நிதானமாகப் பார்த்தார்.

"காலி பண்ணச் சொல்லுமா" என்றார் செல்வி அக்கா.

நாங்கள் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். காரணம் என் விஞ்ஞான விளக்கம் அல்ல. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் கல்பனா காப்பியோடு சேர்த்துக் கொடுக்கும் எஸ்தர் அம்மாவின் தீர்ப்பு:

"சும்மா இரு செல்வி. ஒரு டேங்க் கழுவத் தெரில இவருக்கு. இவர நம்பி எவன் தோலக் குடுப்பான்?"