மூன்று தேங்காயில் ஒரு விதி

பக்திக்கும் அவசரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் கொஞ்ச காலம் இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூர் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, ஒரு கரண்ட் மோட்டார். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது (நான் போய் விசாரித்ததில்லை). ஒரு நாள் பூஜை முடித்து, பத்து மணிக்கு மோட்டார் கொட்டகைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். கரண்ட் வந்தது. மறுநாளும் உடைத்தேன், வந்தது. மூன்றாம் நாளும் அப்படியே.

விடுமுறைக்கு வந்திருந்த மச்சினன் சேகரிடம் பெருமையாகச் சொன்னேன். காலேஜில் விஞ்ஞானம் படிக்கிறவன்.

"அது வெறும் கருதுகோள் மாமா. யூகம். இன்னும் சோதிச்சிப் பாக்கணும்."

"அப்புறம்?"

"எப்பவும் இப்படித்தான் நடக்கும்னு சொல்றது விதி. ஏன் நடக்குதுன்னு சொல்றது கோட்பாடு. ரெண்டும் வேற வேற."

எட்டாவது படித்த எனக்கு இது தாலுகா ஆபீஸ் மாதிரி விளங்கியது. கருதுகோள் பியூன். சர்வீஸ் ஏறினால் கோட்பாடு என்கிற கிளார்க். கடைசியில் விதி என்கிற தாசில்தார். என் தேங்காய்க்கு மூன்று நாள் சர்வீஸ் ஆகிவிட்டதால் நேரே தாசில்தார் ஆக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் நடவு. கழனி காய்ந்து கிடந்தது. இருந்தும் எட்டுப் பெண்களை வரவழைத்து, விடிந்ததுமே நாற்றைப் பிடுங்க வைத்தேன். பத்து மணிக்குத் தேங்காய் உடைத்தேன். மோட்டார் அசையவில்லை. இன்னொன்று உடைத்தேன். ஐந்தாவது தேங்காயில் நாற்றுமுடிகள் வெயிலில் தலையைத் தொங்கப்போட்டன. அது போனால் அந்தப் போகமே போச்சு. வேறு நாற்று கிடையாது.

நடவுக்கு வந்த கன்னியம்மா கேட்டாள்: "இன்னா நைனா, சட்னிக்கா உடைக்கிறே? நாத்து வதங்கிக்கினு கீது பாரு."

லைன்மேனைப் பார்க்க ஓடிய சேகர் திரும்பி வந்தான். "மாமா, போன வாரம் நம்ம பக்கத்துக்குக் கரண்ட் முறை பத்து மணிக்கு. இந்த வாரம் சாயங்காலம் ஆறுக்குத்தான். நீங்க உடைச்சதெல்லாம் பத்து மணிக்கு."

பிள்ளையார் மேல் குற்றமில்லை. அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

"பங்காளி வூட்ல டீசல் இஞ்சின் கீதே, போய்க் கேளேன்" என்றாள் கன்னியம்மா.

வரப்புத் தகராறில் நான்கு வருஷமாகப் பேசாத பங்காளி. போனேன்.

"கரண்ட்டு இல்லாம நாத்தை ஏன்டா புடுங்கினே?"

சொன்னேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்சாதியைக் கூப்பிட்டு, அவளுக்கும் ஒருமுறை முழுதாகச் சொல்ல வைத்துவிட்டுத்தான் இஞ்சினைச் சுற்றினான். நாற்று பிழைத்தது. ஆறு மணிக்கு என் மோட்டார் தேங்காய் இல்லாமலே ஓடியது.

பிற்பாடு, என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பந்தல்காரரைத் தேடிக் கிளம்பினேன். அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்:

"நாத்தைப் புடுங்கிடாதீங்க!"

இப்போது அதைப் பேத்தியும் சொல்கிறாள். அவள் நாற்றையே பார்த்ததில்லை.