மணல் தட்டுக்கு வரப்பு கட்டியவன்

கூச்சப்படுகிறவனைப் பார்த்தால், இவன் எந்த வம்புக்கும் போகமாட்டான் என்று ஊர் நம்பிவிடும். அது தப்பு. வாயைத் திறக்காதவனுக்குக் கை சும்மா இருக்காது. நான் ஐந்தாவது வரை படித்தவன். ஆஸ்பத்திரியோ ஆபீஸோ, எதற்குள் நுழைந்தாலும் சுவரோடு சுவராக நிற்பேன். அப்படிப்பட்ட நான்தான் செம்மேட்டில் ஒரு டாக்டரம்மாவின் வைத்தியத்துக்குள் இறங்கி வெள்ளாமை செய்தேன்.

மலைக்கு அப்போது பஸ் கிடையாது. எங்கள் மகள் பாவாயிக்கு ஆறு வயது. ஒரு மழைக்காலத்தில் சரிவில் மேய்ந்த எங்கள் மாடு, அவள் கண்ணெதிரே சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து செத்தது. அன்றோடு பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோனது. கயிறு மந்திரித்துக் கட்டினோம், சேவல் நேர்ந்துவிட்டோம். இனி ஊமைதான் என்று சொந்தக்காரர்களே முடிவுகட்டி, ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செம்மேட்டுக்கு நடந்தோம். டாக்டரம்மா மருந்து தரவில்லை. ஒரு மரத்தட்டு நிறைய மணல், பக்கத்தில் பொம்மை வீடு, மாடு, மரம். பேசாத பிள்ளை மனதில் இருப்பதை மணலில் வைத்துக் காட்டும், அதிலிருந்து நோவைக் கண்டுபிடிக்கலாம் என்றார். ஒரே கட்டளை: அவள் என்ன செய்தாலும் யாரும் பேசக்கூடாது, தொடக்கூடாது. நன்றாகத் தலையாட்டினேன்.

பாவாயி மணலைக் குவித்தாள். உச்சியில் மாட்டை வைத்து உருட்டிவிட்டாள். மறுபடியும் வைத்தாள், மறுபடியும் உருட்டினாள். டாக்டரம்மா மூலையில் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி நல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மட்டும் வேறு கவலை. இவ்வளவு சரிவில் ஒரு வரப்புகூட இல்லையே! (மலைக்காரனுக்கு வரப்பில்லாத சரிவைப் பார்த்தால் சோறு இறங்காது.)

ஒரே ஒரு வரப்பு என்றுதான் குந்தினேன். ஒன்று போட்டால் அதற்குக் கீழே இன்னொன்று வேண்டாமா? வீட்டை மேட்டுக்கு மாற்றினேன். ஓரத்தில் விரலால் தோண்டினால், தட்டின் அடியில் பூசிய நீலம் தண்ணீர்போலத் தெரிந்தது. விடுவேனா, கிணற்றை அகலப்படுத்தினேன். இது சாமைக்கு, அது மரவள்ளிக்கு என்று வயலைப் பிரித்து முடித்தபோது வேட்டியெல்லாம் மணல். அறையில் மனிதர்கள் இருப்பதே மறந்துபோயிருந்தது.

பாவாயி மாட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"தடத்த அடைச்சுப்புட்டா மாடு எப்புடீங்கப்பா எறங்கும்?"

நியாயமான கேள்வி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஓரமா வழி உடறேன், கண்ணு" என்று வரப்பை வெட்டினேன். அவள் மாட்டை மெல்ல நடத்தி, கீழ்வயல் வரை கொண்டுவந்து நிறுத்தினாள். அது விழவில்லை. பின்னால் நல்லம்மா விம்முகிற சத்தம் கேட்ட பிறகுதான், பேசியது யார் என்பது எனக்கு உறைத்தது.

திட்டு விழப்போகிறது என்று சுவருக்கு ஓடினேன். டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார்: "அடுத்த சந்தையன்னிக்குக் குழந்தையோட நீங்களும் வாங்க. உங்களுக்குத் தனியா ஒரு தட்டு வைக்கிறேன்."

வெளியே வந்ததும் நல்லம்மா, "வைத்தியம் புள்ளைக்குங்களா, உங்களுக்குங்களா?" என்றாள். சந்தைக்கு வந்த குண்டனி நாட்டுக்காரர்கள் காதில் அது விழுந்தது; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு, ஒரு நாட்டுக்குத் தெரிந்தால் மலைக்கே தெரிந்த மாதிரி. (அடுத்த சந்தைக்குப் போனேன். தட்டு பெரிதாகவே இருந்தது.)

பாவாயி பேசாமல் இருந்ததை ஊர் மறந்துவிட்டது. நான் டாக்டரிடம் போய் மணல் விளையாடியதுதான் நிலைத்தது. பல வருடம் கழித்துப் பெண் பார்க்க வந்த பைல் நாட்டுச் சம்பந்தி, பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, பொண்ணோட அப்பனுக்கு இப்பத் தேவலைங்களா?" என்றார்.

உள்ளேயிருந்து பாவாயிதான் பதில் சொன்னாள்: "மணலக் காட்டாம இருந்தாத் தேவலைங்க."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றும் சம்பந்தி வீட்டில் கட்டட வேலைக்கு மணல் வந்து இறங்கினால், நான் போய்ச் சேருவதற்குள் சாக்கைப் போட்டு மூடிவிடுகிறார்கள்.