குடைக்காரர் சொல்ல மறுத்த பொய்

அடையாள அட்டைக்கு விண்ணப்பம் வாங்க அரசாங்கத்தின் நடமாடும் சேவை ஊருக்கு வந்த அன்று பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் தெரு முழுவதும் இருந்தது. கிராம சேவகர் இருந்தார், பள்ளிவாசல் தலைவர் இருந்தார், என் உம்மா இருந்தார். வீட்டில் எழுதப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் படிவம் நிரப்ப நானும் இருந்தேன். யாருக்காகக் கூடினோமோ அந்தக் குடைக்காரர் மட்டும் இல்லை.

கல்முனைக் கரையில் அவரைப்போல் பொய் சொல்ல இன்னொருவர் பிறக்கவில்லை. அவரும் இங்கே பிறக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

எந்த ஊர் என்று கேட்டால், குடைக் கம்பியை நிமிர்த்தியபடியே பதில் வரும். திங்கட்கிழமை காயல்பட்டினம். வியாழன் மாலைதீவு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கேட்டவரிடம் கப்பலிலேயே பிறந்ததாகச் சொன்னார். நற்பிட்டிமுனை விவசாயி ஒருவரிடம், தன் வாப்பா ஒரு சுல்தானுக்குக் குடை பிடித்தவர் என்று சொல்லிக் கூலியைக் கூட்டி வாங்கினார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், சின்ன வயதில் யாருடைய வள்ளத்திலோ வந்து இறங்கியவர் என்பதுதான். கையில் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

காகிதம் இல்லாதவர்களை நாட்டை விட்டு அனுப்பப்போகிறார்கள் என்று ஒரு கதை பரவியது. அவர் சொன்ன ஊர்களுக்கெல்லாம் அனுப்புவதென்றால் தனிக் கப்பல் வேண்டும். ஆனாலும் பயந்தோம்.

எங்கள் திட்டம் எளிது. சுனாமியில் ஊரில் பலருடைய பிறப்புச் சான்றிதழ் போனது. அவருடையதும் போனது என்று இரண்டு பேர் கையொப்பமிட வேண்டும். ஒன்பது பேர் வரிசையில் நின்றோம்.

அவரைக் கூட்டிவர நான்தான் கடைக்கு ஓடினேன்.

“மகன், நான் எவ்வளவோ பொய் செல்லியிரிக்கன். அது ஆக்கள் சிரிக்க. இதச் செல்ல ஏலா.”

“ஏன் மாமா?”

“உங்கட ஆக்களக் கடல் எடுத்த. என்னைக் கடல்தான் கொண்டுவந்து தந்த. அந்தக் கடலுக்கு மேல, என்ட காகிதத்த எடுத்ததெண்டு களவுப் பழி போடச் செல்றியா?”

மண்டபத்துக்கு வந்தார். எங்கே பிறந்தேன் என்று தெரியாது என்றார். அவர் சொன்ன முதல் உண்மை. அதை ஒருவரும் நம்பவில்லை.

எங்கள் பகுதியில் ஒருவர் யார் என்பது தாய்வழிக் குடியில்தான் தெரியும். பள்ளிவாசல் தலைவர் அதையாவது சொல்லும்படி கேட்டார். அதுவும் தெரியாது என்றார் குடைக்காரர்.

“எங்கட குடிதான். என்ட காக்கா” என்று அவரைத் தன் அண்ணனாக்கினார் உம்மா.

“பொய் செல்லாதீங்க தங்கச்சி” என்றார் குடைக்காரர்.

“பொய்யா? முப்பது வருஷமா என்ட வாசல்ல தேத்தண்ணி குடிக்காம இவர் கடை திறந்ததில்ல. வேற காக்காமார் என்ன செய்ற?”

கிராம சேவகர் அதைப் படிவத்தில் எழுத முடியாது என்றார். விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக மட்டும் ஒரு கடிதம் வந்தது. பிடித்துப்போக யாரும் வரவில்லை. ஆனால் அந்த வருடம் பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்குக் குடிவாரியாகப் பங்குப் பணம் சேர்த்தபோது, எங்கள் குடிப் பட்டியலின் கடைசியில் அவர் பெயர் ஏறியது. பங்கு கட்டிய ரசீதைக் குடை திருத்த வந்த எல்லோருக்கும் காட்டினார். “இதான் என்ட பாஸ்போட்.”

போன வருடம் மவுத்தானார்; எங்கள் பள்ளிவாசல் மண்ணிலேயே அடக்கினோம். விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. இந்த வருடக் கந்தூரிக்குப் பங்கு வாங்க வந்த குடித் தலைவர், பட்டியலில் அவர் பெயரை வெட்டவா என்று கேட்டார்.

“ஏன் வெட்டுற? அவர் வேற ஊருக்கா போன?” என்ற உம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காக்காவின் பங்கையும் கொடுத்தார். எழுநூற்றைம்பது ரூபாய்.